எலும்புக்கு ஒடுக்கெடுக்கும் கணிப்பொறி

"பாத்திரம் ஒடுக்கெடுக்கிறது, ஈயம் பூசுறது!" என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். இப்போது அந்தக் குரல் அருகிவிட்டது. மாடிப்படியில் உருண்டு நசுங்கிய பித்தளைச் சொம்பை அவரிடம் கொடுத்தால், முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு உள்ளே ஒரு வளைந்த கம்பியைக் கொடுத்து, வெளியே சிறு சுத்தியலால் தட்டத் தொடங்குவார். சற்று நேரத்தில் சொம்பு பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

அந்தச் சொம்பு நசுங்குவதற்கு முன் எப்படி இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அவர் அதை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் ஆயிரம் சொம்புகளைப் பார்த்தவர். அந்த ஆயிரமும் அவர் கைக்கு வழி சொல்கின்றன.

சரி, உலகிலேயே ஒன்றே ஒன்றுதான் உள்ள ஒரு பாத்திரத்தை, அதுவும் நசுங்கிய நிலையில், அவரிடம் கொடுத்தால் என்ன செய்வார்? தமக்குத் தெரிந்த சொம்பைப் போலவே அதைத் தட்டி எடுத்துவிடுவார். அது உண்மையில் ஒரு கூஜாவாக இருந்திருந்தால்? நமக்குக் கிடைப்பது அழகான சொம்பு. ஆனால் பொய்யான சொம்பு!

புதைபடிவ எலும்புகளை ஆராயும் விஞ்ஞானிகளின் நிலைமை இதுதான். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த உயிரினம் ஒன்றின் மண்டையோடு கிடைக்கிறது. அதைப் போல இன்னொன்று இல்லை. அதுவும் நசுங்கி, நெளிந்து, கோணிக்கொண்டு கிடக்கிறது. அதன் உண்மையான உருவத்தை எங்ஙனம் மீட்பது? அண்மைக் காலத்தில் இவ்வேலைக்குக் கணிப்பொறி வந்து சேர்ந்திருக்கிறது. அதன் கையில் சுத்தியல் இல்லை; கணக்கு இருக்கிறது.

மண் செய்யும் வேலை

புதைந்த எலும்பின் மேல் வண்டலும் மணலும் அடுக்கடுக்காகப் படிகின்றன. மேலே கனம் ஏற ஏற அடியிலுள்ள எலும்பு அழுத்தப்படுகிறது. களிமண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இந்த இழுபறியில் எலும்பில் விரிசல்கள் விழுகின்றன. விரிசலுக்குள் நீரில் கரைந்த தாதுப்பொருள்கள் புகுந்து இறுகிவிடுகின்றன. பிறகு நிலமே மடிந்து புரளும்போது பாறையோடு சேர்ந்து எலும்பும் இழுபடுகிறது.

இதில் இரண்டு வகைச் சேதம் உண்டு. ஒன்று உடைதல். துண்டுகள் இடம் பெயர்ந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு துண்டும் தன் வடிவத்தை இழக்காது. உடைந்த தட்டை ஒட்டுவது போல விளிம்போடு விளிம்பு பொருத்திப் பார்க்கலாம். மற்றொன்று நெளிதல். எலும்பு உடையாமலே, வெயிலில் வைத்த மெழுகு போல, மெல்ல மெல்ல உருமாறிவிடும். இங்கே பொருத்திப் பார்க்க விளிம்பு ஏது? இந்த இரண்டாவது வகைதான் விஞ்ஞானிகளின் உறக்கத்தைக் கெடுப்பது. பெரும்பாலான மண்டையோடுகளில் இரண்டும் கலந்தே இருக்கும்.

முன்பெல்லாம் எலும்பைக் கையால்தான் சேர்த்தார்கள். பிசின், சாந்து, மெழுகு, பொறுமை இவைதாம் கருவிகள். ஒருமுறை ஒட்டியது தவறு என்று தெரிந்தால் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது விளிம்பு உதிரும். பிரான்ஸில் லெ முஸ்தியே என்னுமிடத்தில் 1908-ல் கிடைத்த நியாண்டர்தால் இளைஞனின் மண்டையோடு இப்படிப் பலமுறை சேர்க்கப்பட்டுப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் எலும்புதான் நஷ்டப்பட்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து, சேர்ப்பவரின் மனத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்ற ஊரில் கிடைத்ததாக 1912-ல் அறிவிக்கப்பட்ட மண்டையோட்டுத் துண்டுகளை ஆர்தர் ஸ்மித் உட்வர்ட் சேர்த்தார். மூளையின் கொள்ளளவு 1,070 கன செ.மீ. என்றார். அதே துண்டுகளை ஆர்தர் கீத் வேறு விதமாகச் சேர்த்தார். அவருக்குக் கிடைத்தது 1,500 கன செ.மீ.! ஒரே எலும்பிலிருந்து இரண்டு மூளைகள். இருவருமே பெரிய நிபுணர்கள். கீத்தின் திறமையைச் சோதிக்க, தெரிந்த மண்டையோடு ஒன்றை உடைத்துச் சில துண்டுகளை மட்டும் அவரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் அவர் நன்றாகவே தேறினார். பில்ட்டவுன் மனிதனே ஒரு மோசடி என்பது 1953-ல் வெளியானது தனிக்கதை. ஆனால் அந்தச் சோதனை முறை மட்டும் இன்றும் நல்ல முறைதான். விடை தெரிந்த எலும்பில் முதலில் முயன்று பார்க்காத எந்த வழியையும், விடை தெரியாத எலும்பில் நம்பக் கூடாது.

திரைக்கு வந்த எலும்பு

மருத்துவமனைகளில் உள்ள சி.டி. ஸ்கேன் கருவியை நீங்கள் அறிவீர்கள். ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மாக் ஆகிய இருவருக்கும் 1979-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கருவி அது. எக்ஸ் கதிர்களைப் பல திசைகளிலிருந்து செலுத்தி, உடலைக் கீறாமலே குறுக்குவெட்டுப் படங்களைத் தருவது. ரொட்டியைத் துண்டு போட்டது போன்ற அந்தப் படங்களை அடுக்கினால் முழு உருவமும் திரையில் நிற்கும். 1984-ல் கான்ராய், வான்னியர் என்ற இரு அமெரிக்கர்கள், உள்ளே பாறை இறுகிப்போன புதைபடிவ மண்டையோடுகளை இந்த வழியில் ஆராய்ந்து காட்டினார்கள். உளி வைக்காமலே பாறைக்குள் இருந்த எலும்பு தெரிந்தது.

இனி ஒவ்வொரு துண்டையும் திரையில் தனியே பிரிக்கலாம், நகர்த்தலாம், சுழற்றலாம். தவறிவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டு போகலாம். மூல எலும்பு பெட்டிக்குள் பத்திரமாக உறங்கும். பிரிக்கும் வேலை மட்டும் சலிப்பூட்டுவது. எலும்பும் பாறையும் படத்தில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் இடங்களில், மனிதர்தான் உட்கார்ந்து எல்லை வரைய வேண்டும்.

ஆனால் வாசகர்களே, துண்டுகளை நகர்த்த முடிகிறது என்பதால் எங்கே நகர்த்துவது என்று தெரிந்துவிட்டதா? இல்லை. ஒடுக்கெடுப்பவரின் சிக்கல் அப்படியே இருக்கிறது. மண்ணின் அழுத்தத்தால் மாறாத ஏதாவது ஓர் உண்மை நமக்குத் தேவை. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதைத் திருத்த முடியும்.

கண்ணாடி தரும் சாட்சி

அப்படிப்பட்ட ஓர் உண்மை நம் முகத்திலேயே இருக்கிறது. மூக்கின் நடுவே ஒரு கோடு கிழித்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏறக்குறைய ஒத்திருக்கும். முதுகெலும்புள்ள பெரும்பாலான பிராணிகளின் மண்டையோட்டுக்கும் இது பொது. (சிலவகை மீன்கள் விதிவிலக்கு, அவற்றை விட்டுவிடுவோம்.) வலக்கன்னம் காணாமற் போயிருந்தால், இடக்கன்னத்தின் கண்ணாடி பிம்பத்தை அங்கே வைக்கலாம். இடது கண்குழி நடுக்கோட்டிலிருந்து 4 செ.மீ., வலது 6 செ.மீ. என்று இருந்தால், இரண்டையும் 5 செ.மீ. ஆக்கலாம்.

இவ்வாறு பல அடையாளப் புள்ளிகளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தபின், இடையில் உள்ள எலும்பை என்ன செய்வது? இதற்கு 1989-ல் பிரெட் புக்ஸ்டைன் என்ற அமெரிக்கர் ஒரு வழி கொடுத்தார். மெல்லிய உலோகத் தகடு ஒன்றைச் சில இடங்களில் பிடித்து வளைத்தால், மற்ற இடங்கள் எவ்வளவு குறைவாக வளைய முடியுமோ அவ்வளவு குறைவாக வளைந்து இடம் கொடுக்கும். அந்தத் தகட்டின் சமன்பாட்டையே அவர் எடுத்துக்கொண்டார். பித்தளைச் சொம்பைத் தட்டுபவர் கையால் உணரும் அதே விஷயம்தான், இங்கே எண்களில்!

இதோடு வேலை முடிந்தது என்று எண்ணுபவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்பட மாட்டேன். ஒரு ரப்பர் பந்தை மேசை மீது வைத்து நேர் மேலிருந்து அழுத்துங்கள். தட்டையாகிறது. ஆனால் இடமும் வலமும் இன்னும் ஒத்தே இருக்கின்றன! கண்ணாடியிடம் கேட்டால், "ஒரு கோணலும் இல்லை" என்றுதான் சாட்சி சொல்லும். மண்டையோடு நேராக அழுந்தியிருந்தால் சமச்சீர் நமக்கு எதையும் காட்டாது.

சாய்வாக அழுந்தியிருந்தாலும் தொல்லைதான். நோட்டுப் புத்தகங்களை அடுக்கி, அடுக்கைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். செவ்வகமாக நின்ற பக்கம் இணைகரம் போலாகிறது. இந்தச் சாய்ந்த உருவத்தை மட்டும் ஒருவரிடம் காட்டி, "முன்பு என்ன செவ்வகம்?" என்று கேட்டால், உயரமான செவ்வகம், குட்டையான செவ்வகம், சதுரம் என்று பல விடைகள் சொல்லலாம். எல்லாமே சமச்சீர் உள்ளவை. எல்லாமே பார்க்க அழகானவை. எது உண்மை?

சிலேட்டுக் கல்லில் ஒரு கணக்கு

இதற்கு விடை கண்ட விதம் சுவையானது. எலும்பை விட்டுச் சற்றே கிளிஞ்சலுக்கு வருவோம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டெலபோல் என்ற சிலேட்டுக் கல் சுரங்கம் உண்டு. அங்குள்ள சிப்பிப் புதைபடிவங்கள் இழுபட்டு, சிறகு விரித்தது போல ஆகிவிட்டன. தொழிலாளர்கள் அவற்றை "டெலபோல் பட்டாம்பூச்சிகள்" என்றே அழைத்தார்கள். இப்படி உருமாறிய சிப்பிகளைக் கொண்டு பாறை எவ்வளவு நசுங்கியது என்று அறியலாம் என்பதை டேனியல் ஷார்ப் என்பவர் 1847-லேயே கண்டார். பின்னர் 1962-ல் நியூஸிலாந்தைச் சேர்ந்த நிலவியலறிஞர் ஹரால்டு வெல்மன் அதற்கு எளிய வரைபட வழி ஒன்றைத் தந்தார். அதை நீங்களே செய்து பார்க்கலாம்.

வெளிர்நிறப் பலூன் ஒன்றை வெட்டி விரித்து, பேனாவால் ஐந்தாறு கூட்டல் குறிகளை வெவ்வேறு சாய்வில் வரையுங்கள். ஒவ்வொன்றின் இரு கோடுகளும் செங்கோணத்தில் இருக்கட்டும். நண்பர் ஒருவரைப் பலூனின் இரு முனைகளையும் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். குறிகள் கோணலாகிவிட்டன அல்லவா? இழுக்கும் திசைக்கு நேராக நின்ற குறியில் மட்டும் செங்கோணம் மாறாமல், நீளம் மட்டும் மாறியிருக்கும்.

இப்போது வெள்ளைத்தாளில் அ, ஆ என்ற இரு புள்ளிகளைக் குறியுங்கள். கோணலான குறி ஒன்றை எடுத்து, அதன் ஒரு கோட்டுக்கு இணையாக அ வழியாகவும், மறு கோட்டுக்கு இணையாக ஆ வழியாகவும் கோடுகள் வரையுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி. கோடுகளை மாற்றி வரைந்தால் இன்னொரு புள்ளி. எல்லாக் குறிகளுக்கும் இப்படிச் செய்தால் புள்ளிகள் யாவும் ஒரு நீள்வட்டத்தின் மேல் வந்து உட்காரும்!

ஏன்? அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று பள்ளியில் படித்தோம். பலூனை இழுக்காமல் இருந்திருந்தால் அப்புள்ளிகள் யாவும் அ-ஆவை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் மேல் இருந்திருக்கும். பலூனின் இழுவைதான் வட்டத்தை நீள்வட்டமாக்கியது. ஆகவே நீள்வட்டத்தைப் பார்த்து எந்தத் திசையில், எத்தனை மடங்கு இழுபட்டது என்று சொல்லிவிடலாம். அதே அளவு திருப்பி அழுத்தினால், கல்லிலுள்ள அத்தனை சிப்பிகளும் உருவம் மீளும்.

கவனியுங்கள். ஒரே ஒரு குறியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. வெவ்வேறு திசையில் கிடக்கும் இரண்டாவது வேண்டும். ஒரு புதைபடிவம் மட்டும் இருந்தால் கேள்விகள் இரண்டு, கிடைக்கும் செய்தி ஒன்று. இரண்டாவது சிப்பி வந்தால்தான் கணக்கு தீரும்.

சிப்பிகள் ஒரே கல்லில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். மண்டையோடு அப்படியா? மேலும் மண்டையோடு எங்கும் ஒரே கனமுள்ளதல்ல. புருவமேடு தடித்தது, பொட்டெலும்பு மெல்லியது. ஒரே அழுத்தத்துக்கு ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று உள்வாங்கிவிடும். ஆகவே வேறு சாட்சிகளையும் கூப்பிட வேண்டியிருக்கிறது. பல்லின் மேற்பூச்சு மிகக் கடினமானது. அது எளிதில் நெளியாது. மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் பொருந்திக் கடிக்க வேண்டும். தாடை மூட்டு அதன் குழியில் உட்கார வேண்டும். உடைந்த விளிம்புகள் சேருமிடத்தில் எலும்பின் தடிப்பு திடீரென்று மாறக் கூடாது. இவையெல்லாம் எந்தப் பிராணிக்கும் பொருந்தும் விதிகள். "இது குரங்கு", "இது மனிதன்" என்று முன்கூட்டியே எண்ணத் தேவையில்லாத விதிகள். சொம்பா கூஜாவா என்று பாராமலே தட்டக்கூடிய வழி என்று இதைச் சொல்லலாம்.

பாலைவனத்தில் ஒரு முகம்

இந்த விதிகளின் அருமை, ஆப்பிரிக்காவில் சாட் நாட்டின் ஜுராப் பாலைவனத்தில் தெரிந்தது. அங்கே தோரோஸ்-மெனல்லா என்னுமிடத்தில் 2001 ஜூலை 19-ஆம் நாள், அகுன்தா ஜிம்துமல்பாயே என்ற சாட் நாட்டு இளைஞர் ஏறக்குறைய முழுமையான மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தார். அவர் பணியாற்றிய குழுவின் தலைவர் பிரெஞ்சு அறிஞர் மிஷெல் புரூனே. வயது ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகள்! துமாய் என்று பெயரிட்டார்கள். அப்பகுதியின் கோரான் மொழியில் "வாழ்வின் நம்பிக்கை" என்று பொருள். கடும் வறட்சிக் காலத்துக்குச் சற்று முன் பிறக்கும் குழந்தைகளுக்கு வைக்கும் பெயராம் அது.

2002-ல் அறிவிப்பு வந்தவுடனே சண்டையும் வந்தது. மனித வம்சத்தின் மிகப் பழைய உறுப்பினர் இது என்றார் புரூனே. மில்ஃபோர்டு வோல்பாஃப் முதலியோர், இது வாலில்லாக் குரங்கே என்றனர். யார் சொல்வது சரி? மண்டையோடோ விரிசல் விட்டு, துண்டுகள் இடம் பெயர்ந்து, கோணிப்போயிருந்தது.

சண்டையின் நடுவே இருந்தது ஒரு கோணம். உங்கள் பிடரியில் கை வையுங்கள். அதற்குச் சற்று முன்னே, மண்டையோட்டின் அடியில், தண்டுவடம் வெளியேறும் பெருந்துளை இருக்கிறது. நிமிர்ந்து நடக்கும் நமக்குத் தலை கழுத்தின் மேல் சுமைகூடை போல அமர்ந்திருக்கிறது. துளை கீழ்நோக்கி உள்ளது. சிம்பன்சியின் உடல் முன்சாய்ந்தது. அதன் துளை பின்நோக்கிச் சரிந்துள்ளது. கண்குழிகளின் தளத்துக்கும் இத்துளையின் தளத்துக்கும் இடையிலுள்ள கோணம் மனிதரில் சராசரி 103 பாகை, சிம்பன்சியில் 64 பாகை. மண் அழுத்தி மண்டையோட்டின் அடித்தளம் சற்றே திரும்பியிருந்தால், ஒரு குரங்கு மனிதனின் மூதாதை போலத் தோன்றலாம். மூதாதை குரங்கு போலவும் தோன்றலாம்!

சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் சோலிகோஃபர், மார்சியா போன்சே டி லியோன் ஆகியோர் புரூனேயின் குழுவோடு சேர்ந்து துமாயைத் திரையில் துண்டுதுண்டாகப் பிரித்து, மேலே சொன்ன விதிகளின்படி மீண்டும் சேர்த்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். கோணம் ஏறத்தாழ 95 பாகை. மூளையின் கொள்ளளவு 360 முதல் 370 கன செ.மீ.; அதாவது சிம்பன்சியின் மூளை அளவே.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் அடுத்துச் செய்த காரியம். எதிர்த்தரப்பின் வாதத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு, துமாயைச் சிம்பன்சி, கொரில்லா ஆகியவற்றின் உருவத்துக்கு வளைத்துப் பார்த்தார்கள். எலும்புகள் இடம் கொடுக்கவில்லை. உடற்கூற்றுக்கு ஒவ்வாத உருவமே கிடைத்தது. கூஜாவைச் சொம்பாக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

இதனால் வழக்கு தீர்ந்ததா? உருவத்தைப் பற்றிய வழக்கு பெரும்பாலும் தீர்ந்தது எனலாம். நடையைப் பற்றிய வழக்கு தீரவில்லை. தலையின் கோணத்தை மட்டும் வைத்து இரு காலில் நடந்தது என்று சொல்ல முடியாது என்று வோல்பாஃப் குழுவினர் 2006-ல் மறுபடியும் வாதாடினார்கள். அதே இடத்தில் கிடைத்த தொடையெலும்பு ஒன்றை ஆராய்ந்து, துமாயின் இனம் நிமிர்ந்து நடந்தது என்று 2022-ல் ஒரு குழு எழுதியது. சான்று போதாது என்று 2024-ல் இன்னொரு குழு மறுத்தது. மண்டையோட்டை நேராக்கித் தருவது வரைதான் கணிப்பொறியின் பொறுப்பு. அது எப்படி நடந்தது என்பதைக் காலெலும்புதான் சொல்ல வேண்டும்.

ஹான் ஆற்றங்கரையில்

சீனாவின் ஹூபெய் மாநிலத்தில், ஹான் ஆற்றங்கரையிலுள்ள யுன்சியன் என்ற இடத்தில் 1989-லும் 1990-லும் இரண்டு மனித மண்டையோடுகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகள். இரண்டுமே நசுங்கியவை. முதலாவது மிக மோசம். ஹோமோ எரக்டஸ் என்னும் பழைய மனித இனத்தைச் சேர்ந்தவை என்று பலரும் கருதிவந்தார்கள்.

2025 செப்டம்பரில் இரண்டாவது மண்டையோட்டின் திருத்திய உருவம் வெளியாயிற்று. சி.டி. படங்களிலிருந்து துண்டுகளைப் பிரித்துச் சேர்த்த சீன, பிரிட்டிஷ் அறிஞர்கள், இது எரக்டஸ் அல்ல என்றார்கள். ஹோமோ லாங்கி எனப்படும் "டிராகன் மனிதன்" கிளையின் மிகப் பழைய உறுப்பினர் என்பது அவர்கள் முடிவு. அது சரியானால் நம் கிளையும் நியாண்டர்தால் கிளையும் பிரிந்த காலத்தைப் பல இலட்சம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். நசுங்கிய ஒரு நெற்றியை எத்தனை மில்லிமீட்டர் உயர்த்துவது என்பதில் ஒரு வம்ச மரமே ஆடுகிறது! ஏற்க மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் யுன்சியனில், துமாய்க்கு வாய்க்காத ஒரு வசதி உண்டு. 2022-ல் அதே இடத்தில் மூன்றாவது மண்டையோடு ஒன்று மண்ணிலிருந்து தலைகாட்டியது. மற்ற இரண்டைப் போல அது நசுங்கவில்லை. திரையில் நேராக்கிய இரண்டாவது முகத்தை, மண் அதிகம் தொடாத இந்த மூன்றாவது முகத்தோடு பக்கத்தில் வைத்து, புள்ளிக்குப் புள்ளி அளந்து பார்க்கலாம்.